பிடியரிசி கேட்ட பேராயர்

(வைத்தியர், பழைய மாணவி – ஸ்கந்தபுரத்திலிருந்து)

தபசுகாலம் வந்தால் எங்கள் அங்கிலிக்கன் ஆலயங்களில் சில காரியங்கள் மாறும். பீடத்தில் ஊதாத் துணி விரிக்கப்படும். பூச்சாடிகள் உள்ளே போய்விடும். கலியாணங்கள் தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமை மாலைகளில் பாடுகளைத் தியானிக்கும் ஆராதனை நடக்கும். சாம்பற் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறுவரை, இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து எண்ணினால் சரியாக நாற்பது நாள்.

சிறுபிள்ளைகளுக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமானது அந்தச் சின்ன மட்டைப் பெட்டி. மேலே காசு போட ஒரு கீறல் இருக்கும். ஐஸ்பழத்துக்கும் ரொபிக்கும் போகிற காசை அதற்குள் போட்டு, காலம் முடிந்ததும் ஆலயத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். எங்கள் விடுதியில் இருந்தவர்களுக்கு, எந்தச் சமயத்தவர்களாக இருந்தாலும், அந்தப் பெட்டி ஞாபகம் இருக்கும்.

காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. காசே இல்லாத வீட்டுப் பிள்ளையின் கையிலும் அந்தப் பெட்டியைக் கொடுக்கலாமா? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாள் முழுவதாலும் பதில் சொன்ன ஒரு தமிழரைப் பற்றி இந்த நூற்றாண்டு மலரில் எழுத விரும்பினேன். அவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அங்கிலிக்கன் திருச்சபையில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட முதலாவது இந்தியர் என்றே பொதுவாக அவரைச் சொல்லுவார்கள். அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது எங்கள் யாழ்ப்பாணம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கிராமத்துக் குருவானவரின் மகன்

அசரியா 1874ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி திருநெல்வேலிச் சீமையில், பனைகள் நிறைந்த செம்மண் தேரிப் பக்கத்து வெள்ளாளன்விளை என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் அந்தக் கிராமத்து அங்கிலிக்கன் குருவானவர். தாயார் எலன், ஆண்பிள்ளை வேண்டும் என்று நெடுங்காலம் மன்றாடிப் பெற்ற பிள்ளை என்பதால் வேதாகமத்து அன்னாளைப் போலச் சாமுவேல் என்று பெயர் வைத்தார். கண்டிப்பான தாய் என்று பெயர் எடுத்தவர். மகனுக்குப் பதினைந்து வயது ஆகும்போது, 1889இல், தகப்பனார் காலமானார்.

மெய்ஞ்ஞானபுரத்தில் விடுதிப் பாடசாலை, பிறகு திருநெல்வேலி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு போனது. கணிதம் படித்தார். கடைசிப் பரீட்சை நேரத்தில் நோய் வந்தது, பட்டம் கிடைக்கவில்லை. பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920இல் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. இளைஞராக இருந்த காலத்தில் அவர் பட்டம் இல்லாத ஒரு வை.எம்.சி.ஏ. செயலாளர்தான். 1895 முதல் 1909 வரை அந்த வேலையில் தென்னிந்தியா எங்கும் அலைந்தார்.

1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்புப் படித்த முதல் சிலருள் அவர் ஒருவர். சீதனம் இல்லை. கலியாணச் செலவு நாற்பது ரூபாய் என்று சொல்லுவார்கள். சீதனப் பேச்சில் எத்தனை நல்ல பிள்ளைகளின் படிப்பும் வாழ்வும் முடங்கியது என்று நேரில் கண்ட நம் போன்ற பழைய மாணவிகள் அந்த நாற்பது ரூபாயைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் கண்டது

1902இல் வை.எம்.சி.ஏ. வேலையாக அசரியா யாழ்ப்பாணம் வந்தார். இங்கே வெஸ்லியன் மிஷனரிமார் 1814இலும் அமெரிக்க மிஷனரிமார் 1816இலும் வந்திறங்கியிருந்தார்கள். சி.எம்.எஸ். சங்கத்து ஜோசப் நைட் 1818இல் நல்லூரில் வேலை தொடங்கியிருந்தார். ஆகவே நல்ல பாடசாலைகள், கல் ஆலயங்கள், படித்த சபையார் எல்லாம் இருப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அவர் எதிர்பாராதது வேறொன்று. யாழ்ப்பாணத்து மாணவர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து, கடல் கடந்து, இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டிக்குத் தங்கள் சொந்த ஊழியரை அனுப்பியிருந்தார்கள்.

திருநெல்வேலித் திருச்சபை அப்போது யாழ்ப்பாணத்துச் சபையைவிடப் பலமடங்கு பெரியது. வயதிலும் நூறாண்டைத் தாண்டியது. ஆனாலும் தன் செலவில் ஒருவரையேனும் வெளியே அனுப்பியதில்லை. சின்னச் சபை கொடுக்கிறது, பெரிய சபை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது அசரியாவின் மனதில் முள்ளாகத் தைத்தது. வெட்கத்தோடும் ஒரு முடிவோடும் ஊர் திரும்பினார்.

அடுத்த ஆண்டே, 1903 பெப்ரவரி 12இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் உருவாயிற்று. ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் விதி. 1904இல் அதன் முதலாவது ஊழியர் ஹைதராபாத் நிசாமின் இராச்சியத்துத் தெலுங்கு நாட்டுக்குப் புறப்பட்டார். 1905 நத்தார் நாளில் செராம்பூரில் கூடி, கே.டி. பால் முதலியோருடன் சேர்ந்து இந்தியா முழுவதற்குமான தேசிய மிஷனரிச் சங்கத்தையும் அசரியா தொடக்கிவைத்தார்.

மற்றவரை அனுப்பிவிட்டுத் தான் மேசையில் இருப்பது சரியல்ல என்று பட்டது. 1909இல் குருத்துவப் பட்டம் பெற்று, குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குப் போனார். அந்த இடம் இன்று தெலங்கானாவில் இருக்கிறது. அன்று ஒரு புகையிரதச் சந்தி, சுற்றிலும் பற்றைக்காடு. முதலில் கூடாரத்தில் குடியிருந்தார்கள். முப்பத்தைந்து வயதில் தமிழர் ஒருவர் தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து படித்தார்.

எடின்பரோவும் கல்கத்தாவும்

1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மகாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அசரியாவுக்குப் பேச நேரம் கொடுத்தார்கள். வெள்ளைக்கார ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் எப்படிப் பழகுகிறார்கள் என்பதுதான் பொருள். மிஷனரிமார் பொருளையும் உயிரையும் கொடுத்ததை அவர் நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு மேசையில் இருந்து சாப்பிடும் சிநேகம் இன்னும் வரவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். சபையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அந்த மகாநாட்டின் நூற்றுக்கணக்கான பேச்சுகளில் இன்றுவரை நினைக்கப்படுவது அதுவே.

1912 டிசெம்பர் 29இல் கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வயது முப்பத்தெட்டு. சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் முன்னின்று இதைச் செய்தார். எதிர்ப்பும் இருந்தது: இந்தியர் ஒருவரின் கீழ் வெள்ளைக்காரக் குருமார் வேலை செய்வார்களா என்று சிலர் கேட்டார்கள். இந்தியருக்குள்ளேயே முணுமுணுத்தவர்களும் உண்டு. 1945இல் இறக்கும்வரை ஓர் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் தலைமைப் பேராயராக இருந்த ஒரே இந்தியர் அவர்தான். முதல் ஆளுக்குப் பின்னால் கதவு எவ்வளவு மெதுவாகத் திறக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு கணக்கு.

அடுப்படியில் ஒரு பானை

தோர்ணக்கல் சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊருக்கு வெளியே குடியிருப்பு. அடுத்தவர் வயலில் கூலி வேலை. கூலியும் பலநேரம் தானியமாகத்தான் வரும். வேலை முடிந்து வந்த இரவில், விளக்கு வெளிச்சத்தில், உபதேசியாரிடம் ஜெபமும் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் பாட்டும் படித்தார்கள்.

இந்த மக்களிடம் அசரியா காணிக்கை கேட்டார். ஞானஸ்நானம் பெறும் முன்னரே கொடுக்கப் பழக வேண்டும் என்றார். காசு இல்லாத இடத்தில் அது பிடியரிசியாக வந்தது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போட்டு, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவருவது. சிலர் முட்டை கொண்டுவருவார்கள், சிலர் கோழி, சிலர் கத்தரிக்காய். அறுவடைக் காலத்தில் முதற் கதிர். திருநெல்வேலிக் கிராமங்களில் தன் சின்ன வயதில் கண்ட வழக்கத்தையே அவர் அங்கே நட்டார். நமக்கும் இது புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் சபைகளிலும் பிடியரிசி இருந்தது. அன்னதானத்துக்கென்று பிடியரிசி எடுத்துவைத்த சைவ வீடுகளும் இருந்தன. பானையில் கைவைக்கும் உரிமை பெண்ணினுடையது என்பதையும் கவனிக்க வேண்டும். பிடியரிசி வந்த வீட்டில் காணிக்கையைத் தீர்மானித்தவள் அவள்தான்.

பசித்தவனின் பானையிலிருந்து ஒரு பிடி எடுப்பது அநியாயம் என்று தோன்றலாம். வைத்தியராக எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அசரியா இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். அந்த மக்களிடம் தலைமுறை தலைமுறையாக எல்லாரும் உழைப்பை எடுத்தார்கள். எவரும் அவர்களிடம் ஒன்றைக் கேட்டு, அவர்கள் மனமுவந்து தரக் காத்திருந்ததில்லை. கொடுக்கும்படி கேட்கப்படுகிறவனுக்கு அவனிடம் ஏதோ உண்டு என்று சொல்லப்படுகிறது. வாங்க மட்டும் பழக்கினால் மிஷன் பங்களா இன்னொரு பண்ணையார் வீடாகிவிடும் என்று அவர் அஞ்சினார். கிறிஸ்தவக் கொடையைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

கொடை அரிசியோடு நிற்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலையிலேயே வைத்து, பெற்ற நற்செய்தியை மற்றவருக்குச் சொல்லும் கடமை தங்களுக்கு உண்டு என்று உறுதி சொல்ல வைப்பார். எழுத்தறியாத கூலிக்காரப் பெண்ணும் அப்படிச் செய்தாள். தோர்ணக்கல் சபை வளர்ந்தது மிஷனரிகளால் என்பதிலும் பார்க்க இந்தப் பெண்களாலும் ஆண்களாலும்தான். அவர் காலத்தின் முடிவில் அங்கே இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான சபையாரும் நூற்றுக்கு மேற்பட்ட இந்தியக் குருமாரும் இருந்தார்கள்.

அன்பு அம்மையார் பெண்கள் நடுவே வேலையை ஏற்றுக்கொண்டார். நான்கு ஆண்பிள்ளைகளும் இரண்டு பெண்பிள்ளைகளும் அவர்களுக்கு. கல்லூரி கண்ட பெண் ஒருவர் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ச் சேரிப் பெண்களோடு தரையில் இருந்து பேசினார். அவருடைய பெயரை எந்தப் பட்டியலிலும் முதலில் எழுதுவதில்லை. இந்த மலரிலாவது எழுதிவைப்போம்.

1930களில் காந்தியடிகளோடு அசரியாவுக்குக் கருத்து வேறுபாடு வந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தி விரும்பவில்லை. அவர்களுக்கும் சொந்த மனமும் தீர்மானமும் உண்டு என்று அசரியா நின்றார். அதே அசரியா கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்று பிரித்தானிய அரசின் ஏற்பாட்டையும் எதிர்த்தார். இரண்டு நிலைப்பாட்டுக்கும் வேர் ஒன்று: ஏழைச் சபை எவருடைய தயவிலும் நிற்கக் கூடாது.

தோர்ணக்கல் பேராலயம் கட்டி முடிய ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது. முதலாம் உலகப் போர் வந்தது, பணம் முட்டியது. மசூதியின் குவிமாடமும் தென்னாட்டுக் கோயிலின் தூண்களும் கலந்த அந்த ஆலயம் 1939 ஜனவரி 6இல் பிரதிட்டை செய்யப்பட்டது. 1945 ஜனவரி 1ஆம் திகதி, சில நாள் காய்ச்சலுக்குப் பின், அசரியா தோர்ணக்கல்லிலேயே காலமானார். 1919இல் தரங்கம்பாடியில் அவர் முன்னின்று தொடக்கிய சபை ஐக்கியப் பேச்சு, அவர் மறைந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டில், 1947 செப்டெம்பர் 27இல், தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. வடக்கில் அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனமாயின. இலங்கை அங்கிலிக்கன் சபை தனியே நின்றது. அந்தப் பிரிவையும் தாண்டி இரு சபையாரும் அவரைத் தம்மவர் என்று சொல்ல உரிமை உண்டு.

ஸ்கந்தபுரத்தில் ஒரு தபசுகாலம்

1996இல் கிளிநொச்சி நகரம் காலியானபோது, ஸ்கந்தபுரமும் அக்கராயனும் மல்லாவியும் நிரம்பின. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த பல குடும்பங்களுக்கு அது இரண்டாவது மூன்றாவது இடப்பெயர்வு. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. பாலை மரங்களின் கீழ் தறப்பாள் கொட்டில்கள். நிவாரணக் காட்டுக்கு அரிசி, மா, பருப்பு, சீனி. அதுவும் நேரத்துக்கு வராது.

1997 பெப்ரவரியில் தபசுகாலம் தொடங்கியது. ஆலயம் இல்லை, குருவானவர் எப்போதாவது வருவார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த என்று பாராமல் ஒரு கொட்டிலில் கூடுவோம். மட்டைப் பெட்டிக்கு எங்கே போவது? ஒரு வயதான ஆச்சி பால்மாப் பேணி ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்து வைத்தார். நிவாரண அரிசியில் ஒரு பிடி அவர்தான் முதலில் போட்டார். அடுத்த வெள்ளி பேணி போதவில்லை. பெரிய வெள்ளிக்கு முதல் நாள் அந்த அரிசியைக் கஞ்சி காய்ச்சி, எங்களுக்குப் பிறகு வந்து இன்னும் காட் பதியப்படாத குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பதினாறு வயதில் எனக்கு அது வெறும் கஞ்சி. உயர்தரம் படிக்க வவுனியா போய், திருகோணமலையிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் திரும்பி, எங்கள் பாடசாலை நூலகத்தில் அசரியாவைப் பற்றி வாசித்தபோதுதான் அந்த ஆச்சி செய்தது என்னவென்று விளங்கியது. அகதி என்று பதியப்பட்ட ஒரு பெண், கொடுக்கிறவளாகத் தன்னைத் தானே பதிந்துகொண்டாள்.

இப்போது வைத்தியராக அதே பிரதேசத்தில் வேலை செய்கிறேன். 2009க்குப் பிறகு வன்னிக்கு நிறைய உதவி வந்தது: வீடு, கோழிக்குஞ்சு, தையல் இயந்திரம், சைக்கிள். நல்லவையே. ஆனால் ஒவ்வொரு உதவியோடும் ஒரு படிவம் வந்தது. அந்தப் படிவம் எப்போதும் ஒன்றையே கேட்டது: உங்களிடம் என்ன இல்லை? பதினைந்து வருடமாக அந்த ஒரு கேள்விக்கே பதில் சொல்லிப் பழகிய பெண்கள் என்னிடம் வருகிறார்கள். உடம்பில் பெரிய வருத்தம் இராது. நித்திரை இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. அவர்களுக்கு மருந்தும் ஆலோசனையும் வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. அதோடு, அயல்வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கவோ, பிள்ளைப்பேற்றுக்காரிக்குச் சரக்கு அரைத்துக் கொடுக்கவோ யாராவது கேட்டுவிட்டால், அடுத்த முறை வரும்போது முகம் கொஞ்சம் மாறியிருக்கிறது. முருங்கையிலை கட்டிக்கொண்டு வரும் அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளவும் நான் படித்திருக்கிறேன்.

உபவாசத்தைப் பற்றியும் வைத்தியராக ஒரு சொல். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் பட்டினி கிடக்க வேண்டாம். ஆதித் திருச்சபையிலிருந்தே உபவாசத்தில் மிச்சமான சாப்பாடு இல்லாதவருக்குப் போக வேண்டும் என்பது முறை. கொடுக்காத உபவாசம் வெறும் பத்தியம்தான்.

பழைய மாணவிகளாகிய நாம்

லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கொழும்பிலும் இருக்கும் அன்புச் சகோதரிகளே, நம் சங்கத்தின் நூறு ஆண்டும் கொடுத்த ஆண்டுகள். கட்டடம், புத்தகம், புலமைப்பரிசில் என்று நாம் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். இனியும் அனுப்ப வேண்டும், தேவை குறையவில்லை. அசரியாவின் வாழ்க்கையிலிருந்து ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்வோம். நம்மிடம் உதவி பெறும் பிள்ளையிடமும் ஒன்றைக் கேட்போம். அவளுக்குக் கீழ் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். விடுதித் தோட்டத்தில் ஒரு பாத்தி அவளுடையதாகட்டும். படிவத்தில் என்ன இல்லை என்று கேட்கும் கேள்விக்குக் கீழே, நீ என்ன தருவாய் என்று இன்னொரு வரி இருக்கட்டும். எழுதுகிற பதில் சின்னதாக இருக்கலாம். அந்த வரி இருக்க வேண்டும்.

எடின்பரோவில் அசரியா கேட்ட சிநேகமும் அதுதான். காசு அனுப்பினால் போதும் என்று நாம் நினைக்கிறோமா, அந்தப் பிள்ளையின் பெயரும் அவள் எழுதும் கடிதமும் நமக்கு வேண்டுமா? 1902இல் யாழ்ப்பாணத்து மாணவர்கள் கொடுத்ததைப் பார்த்து ஒரு பெரிய சபை வெட்கப்பட்டது. இன்று வன்னியில் ஒரு பிள்ளை கொடுப்பதைப் பார்த்து நாமும் கற்க இடமுண்டு. வருகிற சாம்பற் புதனுக்குள் நம் ஒவ்வொரு கிளைச் சங்கமும் இதைப் பற்றி ஒருமுறை கூடிப் பேசினால், இந்த மலருக்காக எழுதியதற்குப் பலன் கிடைத்தது என்று மகிழ்வேன்.